‘பையனிடம் பொட்டென்ஷியல் இருக்கு!’ – ஒரு சொல்லின் கதை

“மார்க் கொஞ்சம் சுமார்தான். ஆனா பையன்கிட்ட நல்ல பொட்டென்ஷியல் இருக்கு.”

நம் கல்லூரியில் நான்கு வருஷம் குப்பை கொட்டிய யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வெளியே போயிருக்க முடியாது. துறைத் தலைவர் சொல்லியிருப்பார். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும்போது பெண் வீட்டாரிடம் மாமாவும் சொல்லியிருப்பார். சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் ஒருவகைத் திருப்தி. எதுவும் நடக்கவில்லை, ஆனால் நடக்கலாம் என்ற திருப்தி!

அதே கல்லூரியில், அதே வாரத்தில், இயற்பியல் வகுப்பில் ‘எம் – ஜி – ஹெச்’ என்று கரும்பலகையில் எழுதி அதையும் பொட்டென்ஷியல் என்றார்கள். மதியம் எலக்ட்ரிக்கல் லேபில் ஒரு மீட்டர் கம்பியின் மேல் ஜாக்கியை நகர்த்தி நகர்த்தி கால்வனாமீட்டர் முள் எங்கே அசையாமல் நிற்கிறது என்று தேடினோமே, அந்தக் கருவிக்குப் பெயர் பொட்டென்ஷியோமீட்டர். ஒரே சொல், மூன்று இடம். மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது நாம் கேட்கவில்லை. பரீட்சைக்கு வராத கேள்வியை யார் கேட்பார்கள்?

தமிழில் படித்திருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. மனுஷனுக்கு ‘திறமை’ அல்லது ‘உள்ளாற்றல்’, மேலே தூக்கி வைத்த கல்லுக்கு ‘நிலை ஆற்றல்’, மின்கம்பிக்கு ‘மின்னழுத்தம்’. மூன்றும் தனித்தனிச் சொற்கள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் கல்லுக்கும் ‘அழுத்த சக்தி’தான். ஆங்கிலத்தில் மூன்றையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால் ஒன்றின் அர்த்தம் இன்னொன்றில் கசிகிறது. அந்தக் கசிவு எங்கே ஆரம்பித்தது, அதனால் நமக்கு என்ன நஷ்டம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

அரிஸ்டாட்டிலின் கொத்தனார்

கதை கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் ஆரம்பிக்கிறது. மெகாரா என்ற ஊரைச் சேர்ந்த சில தத்துவக்காரர்கள் ஒரு வாதம் வைத்தார்கள். ஒருவன் வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவனுக்கு வீடு கட்டும் திறன் இருக்கிறது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டால் திறனும் போய்விட்டது என்றார்கள். அரிஸ்டாட்டில் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியானால் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த கொத்தனார் கொத்தனாரே இல்லையா? கண்ணை மூடியவன் எல்லாம் குருடனா? மறுபடி எழுந்து சுவர் வைக்கிறானே, அந்தத் தொழிலை ஐந்து நிமிஷத்தில் எங்கிருந்து கற்றுக்கொண்டான்?

ஆகவே ‘இருக்கிறது’ என்பதில் இரண்டு வகை உண்டு என்றார் அவர். ஒன்று, முடியும் என்ற நிலை. அதற்கு ‘டியூனமிஸ்’ என்று பெயர். மற்றொன்று, நடந்துகொண்டிருக்கும் நிலை. அதற்கு ‘எனெர்கேயா’. பிற்காலத்தில் லத்தீனில் எழுதியவர்கள் டியூனமிஸை ‘பொட்டென்ஷியா’ என்று மொழிபெயர்த்தார்கள். லத்தீனில் ‘முடியும்’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல் அது. ‘பவர்’, ‘பாசிபிள்’ எல்லாம் அதே குடும்பம்தான். எனெர்கேயா என்ற மற்ற சொல் பின்னால் ‘எனர்ஜி’ ஆயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் ஒரு வேடிக்கை வரப்போகிறது.

இன்றைக்கு நாம் ‘பையனிடம் பொட்டென்ஷியல் இருக்கு’ என்று சொல்வது அரிஸ்டாட்டிலின் சொத்து. விதைக்குள் மரம், கொத்தனாருக்குள் வீடு. சமாசாரம் உள்ளே இருக்கிறது, வெளியே வரவேண்டியதுதான் பாக்கி.

டென்ஷன்!

அடுத்து 18ஆம் நூற்றாண்டு இத்தாலிக்கு வருவோம். மின்சாரத்தை அளக்க ஆரம்பித்த காலம். ஒரு பாத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேறு, அது எவ்வளவு வேகமாக வெளியே வரத் துடிக்கிறது என்பது வேறு. மின்சாரத்திலும் அப்படித்தான் என்று கண்டுகொண்டவர்களில் முக்கியமானவர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா. மின்னூட்டம் பெற்ற பொருள் தன்னிடமிருக்கும் மின்சாரத்தை வெளியே தள்ள முயலும் முனைப்பை அவர் ‘டென்ஷன்’ என்றார். 1800இல் உலோகத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் அடுக்கி முதல் மின்கல அடுக்கை அறிவித்தார். 1881இல் பாரிஸ் நகரில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாட்டில் அவர் பெயரால் ‘வோல்ட்’ என்ற அலகு ஏற்கப்பட்டது.

நம் ஊரில் ஹெச்.டி. லைன், எல்.டி. லைன் என்கிறோமே, அந்த ‘டி’ வோல்ட்டா சொன்ன டென்ஷன்தான். ‘மின்னழுத்தம்’ என்ற தமிழ்ச்சொல்லிலும் அந்த வாடை இருக்கிறது. ‘சும்மா டென்ஷன் ஆகாதீங்க சார்’ என்று பஸ் கண்டக்டர் சொல்லும்போது அவருக்குத் தெரியாமலே வோல்ட்டாவின் சொல்லைக் கையாள்கிறார்!

மாவு மில்லிலிருந்து வந்த சொல்

இயற்பியலில் பொட்டென்ஷியல் என்ற சொல் நுழைந்த கதை இன்னும் சுவையானது. இந்தக் கட்டுரையின் உயிரும் அதுதான்.

1770களில் லாக்ராஞ்ச் ஒரு சுருக்குவழி கண்டார். பல கிரகங்கள் சேர்ந்து ஒரு பொருளை இழுக்கும்போது ஒவ்வொரு விசையையும் திசை பார்த்துக் கூட்டுவது பெரும்பாடு. அதற்குப் பதிலாக வெளியின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு எண்ணைக் கொடுத்துவிடலாம். புள்ளிக்குப் புள்ளி அந்த எண் எவ்வளவு மாறுகிறதோ அதுவே விசை. மலை வரைபடத்தில் உயரக் கோடுகளைப் பார்த்துச் சரிவைச் சொல்வது போல. லாப்லாஸ் அதை வளர்த்தார். பாய்ஸான் மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் கொண்டுபோனார். இவர்கள் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ‘வி’ என்ற எழுத்தோடு விட்டுவிட்டார்கள்.

பெயர் வைத்தவர் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் ரொட்டிக்கடையும் காற்றாலை மாவு மில்லும் வைத்திருந்தவரின் மகன். ஜார்ஜ் கிரீன். 1793இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது ஒரு வருஷத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஒன்பது வயதில் அப்பாவின் ரொட்டிக்கடையில் வேலைக்கு நின்றுவிட்டார். பிறகு ஸ்னெய்ன்டனில் இருந்த மில். கோதுமை மூட்டை, மாவுத் தூசி, காற்று அடித்தால் வேலை, நின்றால் ஓய்வு. 1823இல் நகரத்தில் சந்தா கட்டிப் படிக்கும் நூலகம் ஒன்றில் உறுப்பினரானார். லாப்லாஸையும் பாய்ஸானையும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க அந்த ஊரில் எந்தக் கல்லூரியும் இல்லை.

1828இல் மின்சாரம், காந்தவியல் ஆகியவற்றுக்குக் கணிதத்தைப் பயன்படுத்துவது பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். சொந்தச் செலவுதான். விலை ஏழரை ஷில்லிங். முன்பணம் கட்டியவர்கள் ஐம்பது பேருக்குச் சற்றுக் கூடுதல். அவர்களில் பெரும்பாலானோர் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தைத் தாண்டியிருப்பார்களா என்பது சந்தேகம். அந்தப் புத்தகத்தில்தான் அந்த ‘வி’க்கு ‘பொட்டென்ஷியல் ஃபங்ஷன்’ என்று பெயரிட்டார் கிரீன். நாம் மூன்றாம் செமஸ்டரில் மனப்பாடம் செய்த கிரீன் தேற்றம் இவர் பெயரில் இருப்பதுதான்.

படித்துப் பார்த்துப் புரிந்துகொண்டவர் ஒருவர் இருந்தார். சர் எட்வர்ட் பிராம்ஹெட். பக்கத்து லிங்கன்ஷயர் பிரபு, கணிதம் அறிந்தவர். இனி நீங்கள் எழுதும் கட்டுரைகளை அறிஞர் சபைகளுக்கு அனுப்பிவைக்கிறேன் என்று கிரீனுக்கு எழுதினார். கிரீன் பதிலே போடவில்லை. ‘அதெல்லாம் பெரிய மனிதர்கள் மரியாதைக்கு எழுதுவது, நிஜமென்று நம்பிவிடாதே’ என்று பக்கத்திலிருந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. 1830 ஜனவரியில்தான் கிரீன் தயங்கித் தயங்கிப் பதில் எழுதினார். பிராம்ஹெட் சொன்ன சொல் மாறவில்லை. கட்டுரைகள் வெளியாயின. பிராம்ஹெட் காட்டிய வழியில் 1833இல், நாற்பது வயதில், கிரீன் கேம்பிரிட்ஜில் இளங்கலை மாணவராகச் சேர்ந்தார். பையன்களோடு பையனாகப் பரீட்சை எழுதி நான்காவது இடத்தில் தேறினார். 1839இல் அங்கேயே ஃபெலோ ஆனார். இரண்டே வருஷம். 1841இல் நாட்டிங்ஹாமில் 47 வயதில் காலமானார். தான் எழுதியது என்ன என்று உலகத்துக்குத் தெரியும் முன்பே போய்விட்டார்.

இதற்கிடையே ஜெர்மனியில் காஸ், கிரீனைப் பற்றி ஒன்றும் தெரியாமலே, 1840இல் அதே அளவுக்கு ‘பொட்டென்ஷியல்’ என்றே பெயர் வைத்தார். 1845இல் வில்லியம் தாம்ஸன் என்ற இளைஞர் – பிற்காலத்தில் கெல்வின் பிரபு – ஒரு கட்டுரையில் கிரீனின் பெயரைப் பார்த்துவிட்டு அந்தப் புத்தகத்தைத் தேடினார். கடைகளில் இல்லை. கடைசியில் தன்னுடைய கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஹாப்கின்ஸின் அலமாரியிலேயே பிரதிகள் கிடைத்தன! பாரிசுக்கு எடுத்துப் போனார். அங்கிருந்த கணித மேதைகள் அசந்துபோனார்கள். 1850 முதல் 1854க்குள் ஜெர்மனியின் கிரெல் சஞ்சிகையில் மூன்று பகுதிகளாக மறுபடி அச்சானது. இருபதாம் நூற்றாண்டில் குவாண்டம் இயற்பியலில் கிரீன் ஃபங்ஷன் இல்லாமல் வேலை ஓடாது என்ற நிலை வந்தது. 1980களில் ஸ்னெய்ன்டன் மில்லைப் பழுதுபார்த்து மீண்டும் சுற்ற வைத்தார்கள். 1993இல், பிறந்து 200 வருஷம் கழித்து, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டன் இருக்கும் இடத்துக்கருகே அவருக்கும் ஒரு கல் பதித்தார்கள்.

ஒரு இன்ஜினியர் வைத்த பெயர்

கிரீன் பெயரிட்டது புள்ளிக்குப் புள்ளி மாறும் ஒரு எண்ணுக்கு. ‘பொட்டென்ஷியல் எனர்ஜி’ என்று நாம் சொல்கிறோமே, அது வேறு வாசல் வழியாக வந்தது. அதற்குப் பெயர் வைத்தவர் நம்மவர், அதாவது ஒரு இன்ஜினியர். நீராவி விசையாழி படித்தவர்களுக்கு ராங்கின் சுழற்சி மறந்திருக்காது. அதே ராங்கின், 1853 ஜனவரியில் கிளாஸ்கோவில் படித்த கட்டுரையில், ஆற்றலை ‘ஆக்சுவல்’ என்றும் ‘பொட்டென்ஷியல்’ என்றும் இரண்டாகப் பிரித்தார். ஓடும் பொருளுக்கு ஆக்சுவல், தூக்கி நிறுத்திய பொருளுக்கு பொட்டென்ஷியல். பின்னால் தாம்ஸனும் டெய்ட்டும் ஆக்சுவலை எடுத்துவிட்டு ‘கைனடிக்’ என்று போட்டார்கள். பொட்டென்ஷியல் மட்டும் நிலைத்துவிட்டது.

சொன்ன வேடிக்கை இங்கேதான். அரிஸ்டாட்டிலுக்கு பொட்டென்ஷியாவும் எனெர்கேயாவும் எதிரெதிர். ஒன்று நடக்கக்கூடியது, இன்னொன்று நடப்பது. ராங்கின் இரண்டையும் ஒட்டி ‘பொட்டென்ஷியல் எனர்ஜி’ ஆக்கிவிட்டார். அரிஸ்டாட்டில் கேட்டிருந்தால் ‘நடக்காத நடப்பு’ என்று சிரித்திருப்பார்! வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் 1865இல் இந்தப் பெயரைக் கடிந்து எழுதினார். காணாமல் போன ஆற்றலையெல்லாம் பொட்டென்ஷியல் கணக்கில் எழுதிவிட்டால் ஆற்றல் அழியாது என்பது வெறும் கணக்குப்பிள்ளை வேலையாகிவிடாதா என்பது அவர் கவலை. ராங்கின் 1867இல் பதில் சொன்னார். பெயர் தப்பித்தது.

பூஜ்யம் எங்கே?

ஹெர்ஷலின் கேள்வி லேசானதல்ல. மொட்டை மாடித் தொட்டியில் இருக்கும் தண்ணீரின் ஆற்றல் எங்கே இருக்கிறது? தண்ணீரைச் சோதித்துப் பார்த்தால் கீழே இருக்கும் தண்ணீருக்கும் மேலே இருக்கும் தண்ணீருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அரிஸ்டாட்டிலின் விதையைப் போல அது உள்ளே ஒளிந்திருக்கவில்லை. தண்ணீரும் பூமியும் சேர்ந்த ஜோடிக்குச் சொந்தமான கணக்கு அது. பூமியை எடுத்துவிட்டால் தொட்டித் தண்ணீருக்கு எந்த நிலை ஆற்றலும் இல்லை.

எவ்வளவு என்று கேட்டால் ‘எங்கிருந்து?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். 10 மீட்டர் உயரத் தொட்டியில் 1000 லிட்டர் என்றால் தரையை வைத்து 98,000 ஜூல். 100 வாட் குண்டு பல்பு 16 நிமிஷம் எரியும். இப்போதைய 9 வாட் எல்.இ.டி. என்றால் 3 மணி நேரம். தொட்டியின் அடித்தளத்தையே பூஜ்யம் என்று வைத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. விண்கலக் கணக்குப் போடுபவர்கள் எல்லையற்ற தூரத்தில் பூஜ்யம் வைக்கிறார்கள். அந்தக் கணக்கில் பூமியின் மேல் நிற்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் மைனஸ் 62.5 மெகாஜூல். எழுபது கிலோ ஆள் 1,200 யூனிட் கடனில் நிற்கிறார்! இதில் எந்தக் கணக்கும் தப்பில்லை. இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் எந்தக் கணக்கிலும் ஒன்றேதான்.

மின்சாரத்திலும் இதே கதை. துணைமின் நிலையங்களிலேயே காலம் தள்ளும் எனக்கு இதில் ஒரு ரசனை உண்டு. 11,000 வோல்ட் கம்பியில் காக்கை உட்கார்ந்து நிம்மதியாக இறகு கோதுகிறது. இரண்டு காலும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. அதே காக்கையின் சிறகு பக்கத்துக் கம்பியையோ எர்த் ஆன இரும்பையோ தொட்டுவிட்டால் கதை முடிந்தது. ‘230 வோல்ட்’ என்பது கம்பியின் குணமல்ல. கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள வித்தியாசம். எர்த்தை பூஜ்யம் என்று நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

சரி, வித்தியாசம் இருந்தால் போதுமா? வழி வேண்டும். நீலகிரியில் பைக்காரா தண்ணீரைப் பாருங்கள். மேட்டிலிருந்து சிங்காராவுக்கு 900 மீட்டருக்கு மேல் இறக்கம். அவ்வளவு தூரம் இறங்கும் ஒவ்வொரு கன மீட்டர் தண்ணீரும் ஏறக்குறைய 2.4 யூனிட் தரக்கூடியது. 1932இல் மின் நிலையம் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்தத் தண்ணீர் சும்மா இருந்ததா? இல்லை, இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பாறையில் மோதி, சத்தம் போட்டு, சுமார் 2 டிகிரி சூடாகிக் கீழே போயிற்று. உயரமும் தண்ணீரும் அதேதான். புதிதாக வந்தவை பென்ஸ்டாக் குழாயும் கீழே ஒரு சக்கரமும்.

சரி, பொட்டென்ஷியல் நிஜமா, வெறும் கணக்கா? 1880களில் ஹெவிஸைடும் ஹெர்ட்ஸும் மாக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து பொட்டென்ஷியல்களைத் தூக்கி எறிந்து, விசைப் புலங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பொட்டென்ஷியல் வெறும் கணக்கு வசதி என்ற எண்ணம் எழுபது வருஷம் ஓடியது. 1959இல் அகரோனோவும் போமும், காந்தப் புலமே இல்லாத இடத்தில் போகும் எலெக்ட்ரான்களைக்கூட அங்குள்ள பொட்டென்ஷியல் பாதிக்கும் என்று எழுதினார்கள். 1986இல் ஜப்பானில் டோனோமுராவின் குழு அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சோதித்துக் காட்டியது. ஆக, கணக்குப்பிள்ளை வேலை இல்லை, நிஜம்தான். ஆனால் அந்தச் சோதனையிலும் எலெக்ட்ரானின் இரண்டு வழிகளுக்கு இடையே ஏற்படும் வித்தியாசத்தைத்தான் அளக்க முடிந்தது. தனியாக ஒரு புள்ளியில் ‘இவ்வளவு’ என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மனிதர்களை அளந்த கதை

மனிதர்களிடம் வரும்போது மட்டும் இதையெல்லாம் மறந்து அரிஸ்டாட்டிலிடம் திரும்பிப் போய்விடுகிறோம். 1905இல் பிரான்ஸில் ஆல்ஃபிரட் பினே, சைமன் என்பவருடன் சேர்ந்து ஒரு சோதனை முறை தயாரித்தார். வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்குத் தனிக் கவனம் கொடுப்பதே நோக்கம். குழந்தையின் அறிவு மாறாத ஒரு அளவு என்று சொல்பவர்களை பினே கடுமையாக எதிர்த்தார். 1911இல் அவர் காலமானார். மறு வருஷமே ஸ்டெர்ன் அதை ஒரு வகுத்தல் கணக்காக்கினார். 1916இல் அமெரிக்காவில் டெர்மன் அதைத் திருத்தி வெளியிட்டபின் ஐ.க்யூ. என்பது ஆளோடு பிறந்த எண் மாதிரி ஆகிவிட்டது. உதவி எங்கே தேவை என்று காட்டப் பிறந்த கருவி, யார் உதவிக்கு லாயக்கு என்று தரம் பிரிக்கும் கருவியானது.

நாமும் அதைத்தானே செய்கிறோம்? ‘அவனிடம் பொட்டென்ஷியல் இருக்கு, இவனிடம் இல்லை’ என்று சொன்னதும் நம் வேலை முடிந்துவிடுகிறது. இருப்பவன் தானே மேலே வருவான். வராவிட்டால் ‘வேஸ்ட் பண்ணிட்டான்’. இல்லாதவனைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கே பூஜ்யம் வைத்து அளந்தோம் என்று சொல்வதில்லை. அப்பாவும் அம்மாவும் படித்த வீட்டிலிருந்து வந்து 90 வாங்கியவனையும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்து 65 வாங்கியவளையும் ஒரே தரையில் நிறுத்தி உயரம் பார்க்கிறோம். ஏறி வந்த உயரம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை.

இந்த ஒப்புமையை ரொம்ப இழுக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். மனிதன் தொட்டித் தண்ணீர் இல்லை. கொத்தனாரின் கையில் தொழில் இருப்பது உண்மை. அரிஸ்டாட்டில் சொன்னதில் அந்த அளவுக்குத் தப்பில்லை. கிரீனின் மூளையில் இருந்ததை பிராம்ஹெட் கொண்டுவந்து வைக்கவில்லை. ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் மனிதன் தண்ணீரைவிடப் பாவம். அணையில் தேக்கிய தண்ணீர் இன்றைக்குத் திறந்தாலும் பத்து வருஷம் கழித்துத் திறந்தாலும் அதே உயரத்துக்கு அதே ஆற்றலைத் தரும். ஆள் அப்படி இல்லை. கிரீனுக்கு 35 வயதை நெருங்கும்போது வந்த கடிதத்துக்கு 37 வயதுக்கு நெருங்கும்போது பதில் போனது. மில்லையும் குடும்பத்தையும் ஒழுங்குசெய்துவிட்டு 40இல் கல்லூரிக்குப் போனார். 47இல் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த இரண்டு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

யாருக்கு என்ன வேலை?

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ‘உன்கிட்ட பொட்டென்ஷியல் இருக்கு’ என்று யாராவது முதுகில் தட்டினால் சந்தோஷப்படுங்கள், தப்பில்லை. சந்தோஷம் அடங்கியதும் மரியாதையாக இரண்டு கேள்வி கேளுங்கள். எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள் சார்? அடுத்து நான் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்? இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு தேதியும் பதிலாக வந்தால் அவர் நிஜமாகவே சொல்கிறார். ‘இல்லை’ என்று யாராவது சொன்னாலும் அதே முதல் கேள்வியைக் கேளுங்கள். பூஜ்யத்தை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்பது வெளியே வந்துவிடும். பெரியவர் ஒருவர் உதவுகிறேன் என்று எழுதினால், ‘சும்மா மரியாதைக்குச் சொல்றாரு’ என்று சொல்லும் ஹாஸ்டல் ஞானிகளின் பேச்சைக் கேட்காதீர்கள். அன்றைக்கே பதில் போடுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கும் சீனியர்களுக்கும் சொல்ல வேண்டியது வேறு. இந்தச் சந்திப்புக்கு வரும் நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு உயரத்தில் நிற்கிறோம். பிராம்ஹெட் கிரீனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, பணத்தைக் கொட்டவும் இல்லை. புத்தகத்தைப் படித்தார், எழுதினார், இரண்டு வருஷம் கழித்துப் பதில் வந்தபோதும் கோபித்துக்கொள்ளாமல் சொன்னதைச் செய்தார். நம்மால் முடியாத காரியமா? மேடையில் மாணவர்களைப் பார்த்து ‘உங்களிடம் அபார பொட்டென்ஷியல் இருக்கிறது’ என்று பேசிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போவதைவிட, ஒரே ஒரு மாணவரின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துவிட்டு, ‘பதினேழாம் பக்கத்துக் கணக்கு நன்றாக இருக்கிறது, அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை எங்கள் ஆபீசுக்கு வா’ என்று சொல்வது மேல்.

பஸ் ஏறுவதற்கு முன் ஒரு ஜூனியரின் போன் நம்பரையாவது வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கூப்பிடக் கூச்சப்படுவார். ஆகவே முதலில் நீங்களே கூப்பிடுங்கள். பதில் வராவிட்டால் இன்னொரு தடவையும் கூப்பிடுங்கள்.